சுழல்காற்றும் கமக்காரர் பாதுகாப்பும்

பங்குனி மாதத்திலே காலபோக வேளாண்மை வெட்டி முடிந்திருக்கும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குச் செல்லும் கண்டி வீதியில், புளியங்குளத்தை அண்டிய ஊர்களிலெல்லாம் முற்றங்களிலும் களங்களிலும் வீதியோரங்களிலும் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அத்தகைய ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். காலை முதல் வெயில் கடுமையாக எறிக்கின்றது. இலை அசையவில்லை. பிற்பகல் இரண்டு மணியளவில் நெடுங்கேணிப் பக்கமாக ஒரு முகில் எழுகின்றது. மூன்று மணிக்குள் அது வானத்திற் பாதியை மூடிக்கொள்கின்றது. வீட்டிலுள்ளோர் அனைவரும் தறப்பாளை எடுத்துக்கொண்டு நெல்லை மூட ஓடுகின்றனர். தறப்பாளின் நான்கு மூலைகளையும் நால்வர் பிடித்து நிற்கும் வேளையிலேதான் காற்று வந்து மோதுகின்றது.

பல மாத உழைப்பின் பயனைக் காக்க ஓடுதல் கமக்காரருக்கு இயல்பு. அதனைக் குறை கூறுதற்கில்லை. ஆயினும் அந்த நாலைந்து நிமிடங்களே உயிருக்குப் பெரிதும் ஆபத்தானவை. மேலே மின்னல், பக்கத்தில் முறியக்கூடிய மரம், எதிரே பறந்துவரும் கூரைத்தகரம், கையிலோ பாய்மரம்போலக் காற்றை வாங்கும் தறப்பாள். அந்நேரத்தில் நின்று யோசிக்க அவகாசமில்லை. எனவே யோசிக்கவேண்டியவற்றை முன்னரே யோசித்து, செய்யவேண்டியவற்றை முன்னரே செய்து வைத்தல் வேண்டும். அதற்கு உதவுதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெருஞ் சூறாவளியும் சிறு சுழல்காற்றும்

வன்னி மக்கள் பெருஞ் சூறாவளியை நன்கு அறிவர். 1964 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே தென் அந்தமான் கடலில் தோன்றிய தாழமுக்கம் வலுவடைந்து மேற்கு நோக்கி நகர்ந்து, டிசம்பர் 22 ஆம் திகதி இலங்கையின் வடபகுதியை ஊடறுத்து வவுனியாவைக் கடந்து சென்றது. அன்றிரவே அது பாக்கு நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட புகையிரதம் பயணிகளுடன் அலைகளுக்கு இரையாயிற்று. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி 900 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி இரவு ‘புரெவி’ என்னும் சூறாவளி திருக்கோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி வன்னியினூடாக மன்னார்க் கடலை அடைந்தது.

இவை யாவும் கடலிலே தோன்றிப் பல நூறு கிலோமீற்றர் அகலத்துக்குப் பரந்து, நாட்கணக்காக நகர்ந்து வருபவை. ஆதலால் இக்காலத்தில் செய்மதியினால் அவற்றைக் கண்காணித்து, வளிமண்டலவியல் திணைக்களம் முன்னறிவித்தல் கொடுக்கக் கூடியதாக இருக்கின்றது. அறிவித்தலைக் கேட்டு இடம்பெயர நேரமும் கிடைக்கின்றது.

ஆனால் பத்திரிகைகள் ‘மினி சூறாவளி’ என்று குறிப்பிடும் காற்று அத்தன்மையதன்று. அது கடலிற் பிறந்து வருவதன்று; நமது தலைக்கு மேலே நிற்கும் இடிமுகிலிலிருந்தே பிறப்பது. அதன் அகலம் சில நூறு மீற்றராகவோ ஓரிரு கிலோமீற்றராகவோ இருக்கலாம். அதன் ஆயுள் சில நிமிடங்களே. ஒரு குறிச்சியில் இருபது வீடுகளின் கூரையைப் பிடுங்கிச் செல்லும். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள குறிச்சியில் ஓர் ஓலையும் அசையாதிருக்கும். இன்ன ஊரில் இன்ன நேரத்தில் அது வீசுமென முதல் நாளே சொல்லுதல் எவராலும் இயலாது. இக்காற்றுகளை ஆராய்வதில் முன்னணியிலுள்ள அமெரிக்காவிலுங்கூட, சுழல்காற்றுக்கு முன்பாக மக்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை நேரம் சராசரியாகக் கால் மணிக்கும் குறைவாகும்.

‘மினி சூறாவளி’ என்பது இருவகைக் காற்றுக்கு வழங்கும் ஒரு பெயர். ஒன்று உண்மையான சுழல்காற்று. மேனாட்டார் இதனை டொர்னேடோ என்பர். மற்றது முகிலிலிருந்து கீழே பாய்ந்து பரவும் இறங்குகாற்று. நம் பகுதியில் கூரைகளையும் மரங்களையும் வீழ்த்தும் திடீர்க் காற்றுகளிற் பெரும்பாலானவை இறங்குகாற்றுகளே. சுழல்காற்று அரிது, ஆயினும் இல்லாததன்று. முகிலற்ற கடும் வெயிலில் வெறும் வயலிலே புழுதியையும் சருகையும் சுழற்றி எழுப்பும் சிறு சுழி இவ்விரண்டிலும் சேராது. அது நிலத்தின் சூட்டினால் எழுவது. இலேசான பொருள்களைத் தூக்குமேயன்றி வீட்டைப் பெயர்க்கும் வலிமை அதற்கில்லை.

இக்காற்றுகள் எவ்வாறு உண்டாகின்றன?

ஆண்டில் இரு பருவங்களில் இவற்றை எதிர்பார்த்தல் வேண்டும். முதலாவது பங்குனி, சித்திரை மாதங்கள்; இரண்டாவது புரட்டாதிக் கடைசியும் ஐப்பசியும். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் தொடங்குமுன்னும், சோளகம் ஓய்ந்து வாடை தொடங்குமுன்னும் வானத்தில் நிலையான காற்றோட்டம் இராது. அப்போது நண்பகலில் நிலம் மிகச் சூடேறுகின்றது. நிலத்தை அடுத்த காற்றும் சூடேறி இலேசாகி மேலெழுகின்றது. கிழக்கே முல்லைத்தீவுக் கடலிலிருந்தும் மேற்கே மன்னார்க் கடலிலிருந்தும் ஈரமான கடற்காற்று உள்நாட்டுக்குள் நுழைகின்றது. இவை ஒன்றையொன்று எதிர்ப்படும்போது வேறு வழியின்றி மேலே ஏறுகின்றன. காற்றிலுள்ள நீராவி முகிலாக ஒடுங்கும்போது வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் முகிலை மேலும் உயர்த்தும். இவ்விதமாக 12 கிலோமீற்றருக்கும் அதிகமான உயரத்துக்கு எழுந்து நிற்பதே இடிமுகில். பிற்பகலில் இடிமழை பெய்தற்கும் இதுவே காரணம்.

இறங்குகாற்று: இடிமுகிலினுள் திரண்ட மழைநீரும் ஆலங்கட்டியும் தம்மைச் சூழ்ந்த காற்றைக் குளிர்வித்து, அதனையும் இழுத்துக்கொண்டு கீழே விழுகின்றன. நிறைகுடத்துத் தண்ணீரைக் களத்திலே கவிழ்த்தால் அது நிலத்தில் மோதி எல்லாப் பக்கமும் பாய்வதைக் காண்கின்றோம். குளிர்ந்த காற்றும் அவ்வாறே நிலத்தில் மோதி எல்லாத் திசையிலும் பாய்கின்றது. அதன் வேகம் சில வேளைகளில் மணிக்கு 150 கிலோமீற்றரையும் கடக்கும்.

சுழல்காற்று: தரையருகே ஒரு திசையிலும் மேலே வேறொரு திசையிலும் காற்று வீசுமாயின், இடையிலுள்ள காற்று இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டப்படும் விளக்குத் திரியைப்போல உருளத் தொடங்கும். இடிமுகிலுக்குள் ஏறும் காற்று அவ்வுருளையை நிமிர்த்திவிடும். குளத்துத் துருசுக்குள் நீர் இறங்கும்போது தோன்றும் சுழி குறுகக் குறுக விரைந்து சுற்றுவதை நாம் அறிவோம். காற்றுச் சுழியும் அப்படியே குறுகி விரைவடைந்து, முகிலின் அடியிலிருந்து நிலத்தைத் தொடும். தூரத்திலிருந்து பார்ப்போருக்கு அது யானைத் துதிக்கை தொங்குவதுபோலத் தோன்றும். கடலின் மேல் இவ்வாறு தோன்றுவதை மீனவர் நீர்த்தூணாகக் காண்பர்.

யப்பானிற் பிறந்து அமெரிக்காவிலே பணியாற்றிய பேராசிரியர் தெட்சுயா புஜிற்றா என்பார், காற்று விட்டுச் சென்ற சேதத்தைக்கொண்டு அதன் வேகத்தை மதிப்பிடும் அளவுத்திட்டமொன்றை 1971 ஆம் ஆண்டில் வகுத்தார். அது திருத்தப்பட்டு 2007 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வழங்கிவருகின்றது. அதன்படி மிகச் சிறிய சுழல்காற்றின் வேகமும் மணிக்கு 105 கிலோமீற்றருக்குக் குறையாது. மிகப் பெரியதன் வேகம் 322 கிலோமீற்றரைக் கடக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது கூரையைத் தாக்கும் விசை நான்கு மடங்காகும் என்பதும் மனத்திற் கொள்ளத்தக்கது. சாதாரணக் காற்றைப் பல ஆண்டுகளாகத் தாங்கி நின்ற கூரை ஒரு நிமிடத்தில் பறந்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

இறங்குகாற்றைப் பிரித்தறிந்து விளக்கியவரும் இப்பேராசிரியரே. அவர் கையாண்ட முறையை நாமும் நம் வயலிலே கையாளலாம். காற்று ஓய்ந்தபின் சாய்ந்த பயிரையும் விழுந்த மரங்களையும் கவனிக்க. அவை ஒரே திசை நோக்கியோ, ஓரிடத்திலிருந்து விசிறிபோல விரிந்தோ விழுந்திருப்பின் வீசியது இறங்குகாற்று. ஒடுங்கிய ஒரு பாதையில், ஒன்றையொன்று நோக்கியும் குறுக்கும் மறுக்குமாகவும் முறுக்குண்டும் கிடப்பின் வீசியது சுழல்காற்று. எவ்வகையாயினும் உயிர் காக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே.

வங்காள தேசத்தின் பாடம்

சுழல்காற்று மேனாட்டுக்கே உரியது என எண்ணியிருத்தல் தவறு. உலகில் அறியப்பட்ட சுழல்காற்றுகளில் மிக அதிகமான உயிர்களைப் பறித்தது வங்காள தேசத்தில் வீசியதாகும். 1989 ஆம் ஆண்டு ஏப்பிரில் 26 ஆம் திகதி மாலை, மாணிக்கஞ்ச் மாவட்டத்துத் தௌலத்பூர், சாத்தூரியா ஆகிய இடங்களில் அது வீசிற்று. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர், பல்லாயிரவர் வீடிழந்தனர்.

அவ்விடமும் நம்முடையதைப் போன்ற சமதரை. நெல் விளையும் நாடு. வீடுகள் மூங்கிலாலும் தகரத்தாலும் ஆனவை. வீசிய மாதமும் நமக்குச் சித்திரை மாதமே. அத்துணை வலிய காற்று நம் பகுதியில் வீசும் எனக் கூறி மக்களை அச்சுறுத்துதல் எமது நோக்கமன்று. அத்தகைய பெருஞ் சுழல்காற்றுக்கு வேண்டிய வானிலை இங்கு எளிதில் அமைவதில்லை. ஆயினும் அங்கு அத்தனை உயிர்கள் மாண்டதற்குக் காற்றின் வலிமை மட்டும் காரணமன்று. உறுதியற்ற வீடுகளும், ஒதுங்க இடமின்மையும், எச்சரிக்கை கிடையாமையும் காரணங்களாயின. இவற்றை நாம் திருத்திக்கொள்ளலாம்.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள்

1. முற்பகலில் மிகுந்த புழுக்கமும் காற்றின்மையும்.

2. பூக்கோவாவைப்போலத் திரண்டு விரைவாக உயரும் முகில். அதன் உச்சி தட்டையாகிப் பட்டடைபோல விரிந்துவிட்டால் அது முற்றிய இடிமுகிலாகும்.

3. முகிலின் அடி கருமையாகித் தாழ்தல். அதன் முன்விளிம்பில் சுருட்டிய பாயைப்போல ஒரு முகில்வரிசை தோன்றுமாயின் காற்று அணித்தே உள்ளது.

4. வெக்கையான நேரத்தில் திடீரெனக் குளிர்காற்று முகத்தில் அடித்தல், தூரத்தில் புழுதி சுவர்போல எழுதல், ஆலங்கட்டி விழுதல்.

5. முகிலின் அடியில் ஒரு பகுதி சுழலுதல், அல்லது துதிக்கைபோல இறங்குதல். துதிக்கை நிலத்தைத் தொடாததுபோலத் தோன்றினும், அதன் கீழே நிலத்திற் புழுதியும் குப்பையும் சுழன்றால் சுழல்காற்று நிலத்தை அடைந்துவிட்டது என்று கொள்க.

6. புகையிரதம் வருவதுபோன்ற இடைவிடாத இரைச்சல். புளியங்குளத்தில் புகையிரதப் பாதை அருகில் இருத்தலால் இவ்வொலியைப் புகையிரதம் என்றே எண்ணிவிடுதல் கூடும். வானத்தையும் பார்த்தல் நன்று.

துதிக்கை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகராமல் நின்ற இடத்திலேயே பருப்பதுபோலக் காணப்படின், அது நிற்கவில்லை. நம்மை நோக்கியே வருகின்றது.

பருவத்துக்கு முன் செய்யவேண்டியவை

வீடு: காற்று முதலிற் பிடுங்குவது கூரையின் தாழ்வாரத்தையும் முகட்டையுமே. ஆதலின் அவ்விடங்களில் தகரத்தைப் பிடிக்கும் கொழுக்கி ஆணிகளை நெருக்கமாக இடுதல் வேண்டும். கைமரங்களைச் சுவரின் மேலுள்ள வளையுடனும், வளையைச் சுவருடனும் இரும்புப் பட்டியாலோ தடித்த கம்பியாலோ இறுக்கிக் கட்டுக. விறாந்தைக் கூரை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாக இல்லாமல் தனியாக இருத்தல் நல்லது. அது பறந்தாலும் வீட்டுக்கூரை தப்பும். தகரம் பறவாதிருக்கக் கூரைமேற் கல்லும் பழைய ரயரும் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது பெருந்தவறு. வலிய காற்றுக்கு அவை பாரமல்ல. கீழே நிற்பவர் தலையில் விழும் எறிகற்களாகவே முடியும்.

ஒதுங்கும் இடம்: வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி, எந்த அறையில் ஒதுங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்குக. யன்னல் குறைந்த, நடுவிலுள்ள சிறிய அறையே ஏற்றது. கொங்கிறீற்றுத் தட்டு இட்ட அறை இருப்பின் அதுவே சிறந்தது. கிடுகுக் கொட்டிலிலோ தகரக் கொட்டிலிலோ வசிப்போர், அருகிலுள்ள கல்வீட்டாருடன் முன்னரே பேசிவைத்தல் வேண்டும். இடி கேட்டதும் அங்கே செல்வதற்கு வெட்கமோ தயக்கமோ வேண்டியதில்லை. முதியோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பதையும் குறித்துவைத்தல் நன்று.

மரங்கள்: வீட்டுக்கும் களத்துக்கும் மேலாக நீண்டுள்ள பட்ட கிளைகளைத் தறித்துவிடுக. கோறை விழுந்த பாலை, வேம்பு, மா முதலியவற்றின் நிழலில் கால்நடைகளைக் கட்டுதல் கூடாது.

நெல்: உலர்த்தும் இடம் மரத்தடிக்கும் மின்கம்பிக்கும் தொலைவாகவும் வீட்டுக்கு அண்மையாகவும் இருத்தல் வேண்டும். தறப்பாளின் ஓரங்களில் முன்னரே கயிறு பிணைத்து, மண் நிரப்பிய சாக்குகளை அருகில் அடுக்கி வைத்தால் இருவர் சில நிமிடங்களில் மூடி முடிக்கலாம். இப்பருவங்களில் பிற்பகல் ஒரு மணிக்கே வானத்தைப் பார்த்து, முகில் எழும் அறிகுறி தோன்றியவுடன் நெல்லைக் குவித்து மூடிவிடுக. முகில் எழும்போது மூடுபவர் நெல்லையும் உயிரையும் காப்பர். காற்று வந்தபின் மூட ஓடுபவர் இரண்டையும் இழத்தல் கூடும். வேலை முடியாதிருந்தாலும் முதல் இடி கேட்டதும் கைவிட்டு உள்ளே செல்க.

பயிர்: நெட்டையான நெல்லினங்கள் எளிதிற் சாயும், குட்டையான திருந்திய இனங்கள் பெரும்பாலும் தாங்கி நிற்கும். சிபாரிசுக்கு மேலாக யூரியா இடுதல் தாளை மென்மையாக்கிப் பயிரைச் சாய்க்கும். வாழைக்கு முட்டுக் கொடுத்தலும், பயிற்றை, பாகல், புடோல் ஆகியவற்றின் பந்தற்கால்களை ஆழமாக நட்டுக் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்டுதலும் வேண்டும். தோட்டத்தின் வேலியில் கிளிசரியா, பூவரசு முதலியவற்றை நெருக்கமாக நட்டு வளர்த்தால், வேலியின் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும். காற்றை முற்றாக மறிக்கும் மதிலைவிட, ஓரளவு ஊடுசெல்லவிடும் உயிர்வேலியே சிறந்தது. மதிலின் மேலாகப் பாயும் காற்று மறுபக்கத்திற் சுழன்று விழும். உண்மையான சுழல்காற்றுக்கு முன் வேலி பயன்படாதெனினும், ஏனைய காற்றுகளில் பயிரைக் காக்கும்.

காற்று வீசும்போது

வீட்டில் இருப்போர்: குறித்த அறைக்குள் சென்று, உறுதியான மேசையின் கீழ் அல்லது உட்சுவரின் ஓரமாகக் குந்தியிருந்து, தலையையும் கழுத்தையும் தலையணை, மெத்தை அல்லது கைகளால் மூடிக்கொள்க. யன்னலருகில் நின்று வேடிக்கை பார்த்தல் கூடாது. தாங்கும் தூண்களின்றிச் சீமெந்துக் கல்லால் உயரமாகக் கட்டிய சுவரின் அருகே நில்லாதிருக்க.

வயலில் இருப்போர்: இடி கேட்டதும் வயலை விட்டு உறுதியான கட்டடத்தை அடைதலே முதல் வழி. யானைக் காவலுக்காக மரத்திற் கட்டிய பரணில் இருப்போர் உடனே இறங்கிவிடுதல் வேண்டும். காற்றுக்கும் மின்னலுக்கும் அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. காவற் கொட்டிலும் பாதுகாப்பன்று. சுழல்காற்று அண்மித்து, கட்டடத்தை அடைய நேரமில்லையாயின், மரம், கொட்டில், உழவு இயந்திரம் ஆகியவற்றிலிருந்து விலகி, நீரற்ற பள்ளத்திலோ உயர்ந்த வரம்பின் ஓரத்திலோ முகங்குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்க. நீர் ஓடும் வாய்க்காலில் இறங்கற்க. மழை வெள்ளம் திடீரெனப் பெருகும்.

வீதியில் இருப்போர்: மோட்டார் சைக்கிளிலோ உழவு இயந்திரத்திலோ காற்றை முந்திச் செல்ல முயலற்க. இருபுறமும் காடும் முதுமரங்களும் நிற்கும் பாதையாயின் வெளியான இடத்தை அடைந்து நிறுத்துக. மதகுக்குக் கீழே ஒதுங்குதல் கூடாது. ஒடுங்கிய வழியிற் காற்று மேலும் விரைவடையும்; வெள்ளமும் அதனூடாகவே பாயும்.

மின்னல்: இவ்விரு காற்றுகளும் இடிமுகிலின் பிள்ளைகளாதலால் மின்னலையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். மின்னலைக் கண்டதிலிருந்து எண்ணத் தொடங்குக. முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் உள்ளது. இனி வெளியில் நிற்றல் தகாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியுமுன் வயலுக்குத் திரும்பற்க. சுழல்காற்றின்றி மின்னல் மட்டும் இருக்கையில் நிலத்திற் படுத்தல் ஆகாது. கட்டடம் கிடையாவிடில் பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருத்தல் வேண்டும். நீர் நிற்கும் வயலிலும், கம்பி வேலியின் அருகிலும், தனிமரத்தின் அடியிலும் இருத்தல் கூடாது. பலர் இருப்பின் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி இருத்தல் நன்று.

தவறான சில எண்ணங்கள்

யன்னல்களைத் திறந்துவிட்டால் உள்ளும் புறமும் அமுக்கம் சமமாகி வீடு தப்பும் என்று முற்காலத்தில் மேனாட்டு நூல்களிலும் சொல்லப்பட்டதுண்டு. அது தவறென இப்போது தெளிவாகியுள்ளது. திறந்த யன்னலினூடாகப் புகும் காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். கதவும் யன்னலும் மூடியிருத்தலே நன்று. ஆனால் அவற்றை மூடுவதற்காக நேரத்தை வீணாக்கற்க. குளமும் காடும் சுழல்காற்றைத் தடுக்கும் என்பதும் சரியன்று. அது இரண்டையும் கடந்து செல்லும். ஒரு முறை வீசிய ஊரில் மீண்டும் வீசாது என்பதற்கும் ஆதாரமில்லை.

காற்று ஓய்ந்தபின்

முதலில் வீட்டாரையும் அயலாரையும் எண்ணிப் பார்க்க. இடிந்த சுவருக்குள் எவரேனும் அகப்பட்டிருப்பின் பலருமாகச் சேர்ந்து, மேலும் இடியாதவாறு கவனத்துடன் மீட்க. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் கூறினால் நோயாளர் காவுவண்டி கிடைக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அறுந்து கிடக்கும் மின்கம்பி உயிரற்றது என எண்ணற்க. அதனருகே எவரும் செல்லாதவாறு ஒருவரைக் காவல் நிறுத்தி, மின்சார அலுவலகத்துக்கு அறிவிக்குக. ஈர வயலிற் கம்பி விழுந்திருப்பின் அந்த வயலில் இறங்குதலே ஆபத்தாகும். தகரக் குவியலையும் ஓலையையும் வெறுங்கையால் அகற்றாது தடியாற் கிளறிப் பார்க்க. பாம்பு ஒதுங்கியிருத்தல் கூடும். கிணற்றுள் குப்பையும் வெள்ளநீரும் புகுந்திருப்பின், இறைத்துச் சுத்திசெய்து, நீரைக் கொதிக்க வைத்தே பருகுக.

சேதத்தை அகற்றுமுன் கிராம அலுவலருக்கு அறிவித்து, படம் எடுத்து வைத்தல் நல்லது. பயிரைக் காப்புறுதி செய்தோர் கமநல சேவைகள் நிலையத்தின் வாயிலாக உடனே அறிவித்தல் வேண்டும். பயிரைப் புரட்டி உழுதபின் சேதத்தை மதிப்பிடுதல் இயலாது.

சாய்ந்த நெல்: முதலில் கழிவு வாய்க்காலை வெட்டி நீரை வடியவிடுக. கதிர் பால் பிடிக்கும் பருவமாயின், அருகருகே உள்ள சில பற்றைகளைச் சேர்த்து இலேசாக நிமிர்த்திக் கட்டினால் ஒரு பகுதி விளைவு தேறும். மணி முற்றியிருப்பின் தாமதியாது வெட்டிவிடுக. ஈரமான நிலத்திற் கிடக்கும் கதிர் சில நாட்களில் முளைத்துவிடும். சாய்ந்த பாத்திகளை முதலிலும் நிமிர்ந்து நிற்பவற்றைப் பின்னரும் வெட்டுதல் முறை. நனைந்த நெல்லைக் குவித்து வையாது மெல்லியதாகப் பரப்பிக் கிளறி உலர்த்துக. ஈரப்பதன் நூற்றுக்கு 14 ஆகக் குறைந்தபின்பே களஞ்சியப்படுத்தல் வேண்டும்.

மரக்கறியும் பழமும்: மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவை சாய்ந்திருப்பின் அன்றோ மறுநாளோ நிமிர்த்தி, வேர் மூட மண் அணைத்து, முறிந்த கிளைகளைக் கூரிய கத்தியால் வெட்டிவிடுக. பப்பாசி நீர் தேக்கத்தைத் தாங்காது. ஓரிரு நாள் அடியில் நீர் நின்றாலும் வேர் அழுகி மடியும். ஆதலால் தோட்டத்தில் முதலில் வடியவிட வேண்டியது பப்பாசிப் பாத்தியையே. முறிந்த வாழையின் தண்டை வெட்டி அகற்றி, நல்ல குட்டி ஒன்றை வளரவிடுக. நோய் தோன்றின் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்ற பின்பே மருந்து தெளித்தல் வேண்டும்.

நினைவில் இருத்தவேண்டியவை

முகில் எழும்போது நெல்லை மூடுக.
முதல் இடியுடன் வேலையை நிறுத்துக.
பரணிலும் மரத்தடியிலும் தகரக் கொட்டிலிலும் இராதே.
நடு அறையில் தாழ்ந்திருந்து தலையைக் காத்துக்கொள்.
கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் பொறுத்திரு.
அறுந்த கம்பியை அணுகாதே.

தறப்பாள் கையிலிருக்கும்போது காற்று வந்துவிட்டால், அதனை விட்டுவிட்டு உள்ளே ஓடுதலே அறிவுடைமை. நனைந்த நெல்லை மறுநாள் வெயிலில் உலர்த்தலாம். விலை சிறிது குறையலாம், அவ்வளவே. சாய்ந்த பயிருக்குப் பின் அடுத்த போகம் உண்டு. அப்போகத்தை விதைப்பதற்குக் கமக்காரரும் அவர்தம் குடும்பத்தினரும் நலமே இருத்தல் வேண்டும். இதனை வாசித்தோர் இன்று மாலையே வீட்டாருடன் கூடியிருந்து, எந்த அறையில் ஒதுங்குவது, யார் யாரை அழைத்துச் செல்வது என்பதைப் பேசித் தீர்மானித்துக்கொள்வாராக.